தொட்டிக்கு மேலே சூரியன்

பிப்ரவரி 11

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையற்காரம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே என் காதைத் தவிர மற்றதெல்லாம் ஓடுகிறது. போனில் நீ பேசினால் எனக்கு ஈ பறக்கிற மாதிரிதான் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

போன திங்கட்கிழமை உன் தம்பிக்குப் பஸ் ஸ்டாப்பில் வலிப்பு வந்துவிட்டது. பயப்படாதே, இப்போது என்னோடு சண்டை போடுகிற அளவுக்கு எழுந்துவிட்டான். இருபத்து மூன்று வயதில் இதுதான் முதல் தடவை. கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அவனைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஒரு நாள் விட்டாலும் திரும்ப வரலாம். தொடர்ந்து விட்டா உயிருக்கே ஆபத்து." ஒரு சொல் மாறாமல் சொல்கிறேன். என் காதுக்குள் ஒன்று போய்ச் சேருவதுதான் கஷ்டம். சேர்ந்துவிட்டால் வெளியே வராது, உனக்குத் தெரியுமே. நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்து, "எல்லாம் இதுல இருக்கு, படிச்சுக்கோங்க" என்றாள். தாள் முழுக்க எறும்பு வரிசை.

வெளியே வந்ததும் உன் தம்பி, "அப்பா, இதுல என்ன போட்டிருக்கு?" என்றான்.

"தெரியலடா."

"உனக்குமா?" என்று கேட்டுவிட்டு என் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

மாத்திரையை நான் எடுத்து நீட்டினால் வாயை இறுக்கிக்கொள்கிறான். "நான் என்ன சின்னப் புள்ளையா?" என்கிறான். நேற்று துப்பியே விட்டான். நீதான் சுகாதார அலுவலகத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் படம் போட்டுக் கொடுக்கிறாயே. இவனுக்கும் ஒன்று போட்டு அனுப்பு. அவனுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே தாள் போதும்.

அன்புள்ள அப்பா

பிப்ரவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம். உங்கள் காதுக்குக் கிளினிக்கில் காட்டச் சொல்லி மூன்று வருடமாகச் சொல்கிறேன், அதுவும் காதில் விழவில்லை.

தையற்காரம்மா அனுப்பிய கிளினிக் தாளைப் பார்த்தேன். நான்கு பக்கம். எனக்கே இரண்டு தடவை படித்த பிறகுதான் புரிந்தது. தம்பிக்கு ஒரே பக்கத்தில் படம் போட்டிருக்கிறேன். மேலே சூரியன், கீழே தலையணை. ஒவ்வொன்றுக்கும் கீழே துணியில் ஓர் உறை தைத்திருக்கிறேன். காலை மாத்திரை அட்டையைச் சூரியன் உறையில் வையுங்கள், இரவு அட்டையைத் தலையணை உறையில். சூரியன் வந்தால் ஒன்று, தலையணை போட்டால் ஒன்று. அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தாளை அவன் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் விலகிவிடுங்கள். அட்டையை எண்ணாதீர்கள், "போட்டியா" என்று துரத்தாதீர்கள். அவன் உடம்பு, அவன் மாத்திரை. அவனாகச் செய்தால்தான் நிலைக்கும்.

அன்பு மகள்

மார்ச் 20

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைத் தையற்காரம்மா என் இடது காதில் கத்திப் படித்தாள். நம் வீட்டு நலம் இப்போது தெருவுக்கே தெரியும். மாப்பிள்ளையின் முதுகு வலி தேவலையா?

உன் தாள் வேலை செய்கிறது. கட்டிலுக்கு மேலே ஆணி அடித்து அவனே மாட்டினான். இந்த இருபது நாளாக ஒரு வலிப்பு இல்லை. தெருவில் அவனுக்கு இப்போது 'ஆபீசர்' என்று பெயர், அவ்வளவு கணக்காக நடக்கிறான். காலையில் எழுந்ததும் கிழக்கு ஜன்னலைத் திறந்துவிட்டு நிற்பான். எதிர்க் கட்டட மொட்டைமாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அதற்குக் குழாய் இழுத்தவனே நான்தான், அதன் தலைக்கு மேல் சூரியன் முழுசாக வர வேண்டும். வந்ததும், "வந்துட்டாரு!" என்று ஒரு கத்தல். இந்த வீட்டில் என் காதுக்குத் தானாக வந்து சேருகிற ஒரே சத்தம் அதுதான். அதற்குப் பிறகுதான் மாத்திரை.

போன வாரம் ஒரு நாள் மேகம். மணி எட்டாகியும் தொட்டிக்கு மேல் ஆளைக் காணோம். ஆபீசர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே நிற்கிறான். "என்னடா?" என்றேன். "இன்னிக்கு லீவு போல" என்றான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒன்பது மணிக்குச் சூரியன் தலை காட்டியது. அதைப் பார்த்து, "லேட்டு!" என்று அதட்டிவிட்டுத்தான் விழுங்கினான்.

நீ சொன்னபடி நான் அட்டையை எண்ணுவதில்லை. கை துறுதுறுக்கிறது, இருந்தாலும் எண்ணுவதில்லை.

அன்புள்ள அப்பா

ஏப்ரல் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இவருக்கு முதுகு வலி விட்டுவிட்டது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படியில் குழாய்ச் சாமான் தூக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "லீவு போல" என்ற இடத்தில் எங்கள் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு தாளைப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்துவிட்டு, மெதுவாகக் கற்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் இதையே அச்சடிக்கலாமே என்கிறார். தம்பியிடம் சொல்லுங்கள், அவனுடைய தாள் ஊரெல்லாம் போகப் போகிறது.

அன்பு மகள்

ஜூலை 14

அன்புள்ள அப்பாவுக்கு,

தம்பியின் காரியம் முடிந்து ஊர் வந்து சேர்ந்தேன். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? தூங்குகிறீர்களா? அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை. அங்கே இருந்த பதினைந்து நாளும் நாம் இருவரும் பேசியது மிகவும் குறைவு. உங்கள் காதில் கத்திச் சொல்கிற மாதிரி ஒரு வார்த்தையும் என்னிடம் இல்லை.

தம்பியின் சட்டைகளை மடித்து வைக்கும்போது கேட்க நினைத்து விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி டாக்டர், அடுத்தடுத்து வந்த வலிப்பு நிற்காமலே போய்விட்டது என்றார். "மாத்திரை ஒழுங்காப் போட்டாரா?" என்றும் கேட்டார். "என் தம்பி ஒரு வேளையும் விடமாட்டான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனது அடங்கவில்லை. நான்கு மாதம் வராத வலிப்பு எதனால் வந்தது? அவன் ஒழுங்காகப் போட்டானா அப்பா?

மகள்

ஜூலை 30

அன்பு மகளுக்கு,

சாப்பிடுகிறேன். தூக்கமும் வருகிறது, போகிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில். உன் தாளில் எப்படி இருந்ததோ அப்படியே செய்தான். ஒரு நாளும் அதை மீறவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

ஜூன் பதினாறிலிருந்து பிடித்த மழை, அவன் போன இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம்தான் விட்டது. இப்போது நல்ல வெயில். கிழக்கு ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறேன், கண் கூசுகிறது.

வேறு விசேஷம் இல்லை.

அப்பா

தங்கச்சிக்கு, தையற்காரம்மா தானாக எழுதுவது. பெரியவருக்குப் படிக்கத் தெரியாததால் இதை எழுத முடிகிறது. சட்டைப்பையில் ஒரு மாத்திரை அட்டையை வைத்துக்கொண்டே திரிகிறார். பாதிக்கு மேல் மாத்திரை அதில் அப்படியே இருக்கிறது. "எதுக்குங்க இது?" என்று கேட்டால், "உன் மிஷினைப் பாரு" என்கிறார்.

ஆகஸ்ட் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் நலம் அறிந்தேன். உங்கள் பதிலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவன் மீறவில்லை என்று நீங்கள் எழுதிய அந்த வரி இல்லாவிட்டால் நான் இந்த வேலையை விட்டிருப்பேன். மீதி மாத்திரை இருப்பதாகத் தையற்காரம்மா எழுதியிருந்தார். பழைய மாத்திரையை வீட்டில் வைக்கக் கூடாது, கிளினிக்கில் கொடுத்துவிடுங்கள்.

தாள் அச்சாகிவிட்டது அப்பா. முதலில் நானூறு, சோதனைக்காகச் சில கிளினிக்குகளுக்கு. நம் தெரு முனைக் கிளினிக்குக்கும் வரும். அக்டோபர் முதல் வாரம் பத்தாயிரம் கிளம்பும். அவன் நினைவாக ஒன்று செய்தேன். சூரியனை முன்பைவிடப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் பாதி அதுதான்.

அன்பு மகள்

செப்டம்பர் 10

அப்பாவுக்கு,

மூன்று வாரமாக உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்புக்கு என்ன? தையற்காரம்மாவாவது இரண்டு வரி எழுதட்டும்.

மகள்

செப்டம்பர் 19

அன்பு மகளுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ இதை உட்கார்ந்துகொண்டு படி. மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் நல்லது.

நேற்று முழங்காலுக்கு மருந்து வாங்கக் கிளினிக்குக்குப் போனேன். வெளியே நல்ல மழை. பெஞ்சில் என் பக்கத்தில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், பத்தொன்பது வயது இருக்கும், நம் ஆபீசர் மாதிரிதான் பேச்சு. மடியில் உன் தாள். சூரியன் தட்டு அளவுக்கு இருந்தது. அவள் அம்மா என்னிடம், "வலிப்புக்கு மாத்திரை தாத்தா, இவளே பாத்துப் பாத்துப் போட்டுக்குறா" என்று பெருமையாகச் சொன்னாள்.

"இன்னிக்குப் போட்டியாம்மா?" என்று பெண்ணைக் கேட்டேன். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது எனக்குப் பழகிவிட்டது. அவள் ஜன்னலைக் காட்டி, "அவர் இன்னும் வரலியே தாத்தா" என்றாள்.

அப்போது மணி பதினொன்று. அவள் அம்மா சிரித்தாள். "நேத்தும் இப்படித்தான், சொன்னா கேக்க மாட்டா" என்றாள். நான் மார்ச் மாதம் எப்படிச் சிரித்தேனோ அதே சிரிப்பு. "இப்பவே குடும்மா! நிக்காதே, குடு!" என்று நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்தாள். மூன்று பேரும் சேர்ந்து அந்தப் பெண்ணை விழுங்க வைத்தோம். அழுதுகொண்டே விழுங்கினாள். "தாள்ல அப்படி இல்ல, தாள்ல அப்படி இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மகளே, அவன் போன மறுநாள் உன் தாளைச் சுவரிலிருந்து எடுத்தேன். தலையணை உறையில் இருந்த அட்டையில் ஒரு மாத்திரைகூடத் தப்பவில்லை, ராத்திரி ராத்திரி போட்டிருக்கிறான். சூரியன் உறையில் இருந்த அட்டையில் ஏழு மாத்திரை அப்படியே இருந்தது. பதினாறு தொடங்கி இருபத்து இரண்டு வரை ஏழு நாள். எட்டாம் நாள் விடியற்காலையில்தான் வலிப்பு.

அந்த ஏழு காலையும் எனக்கு ஒவ்வொன்றாக நினைவிருக்கிறது. முதல் நாள் நீலச் சட்டை. இரண்டாம் நாள் ஜன்னல் கம்பியில் கை ஈரமாகி என் முதுகில் துடைத்தான். நான்காம் நாள் ரொட்டி தீய்ந்துவிட்டது, எனக்குத் தீயாத பக்கத்தைப் பிய்த்துக் கொடுத்தான். ஐந்தாம் நாள் ஜன்னலிலேயே பத்து மணி வரை நின்றான். ஏழு நாளும் "வந்துட்டாரு" என்ற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. சரி, நம் காது இன்னும் மந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. காதைக் காட்டச் சொல்லி மகள் திட்டுவாள் என்று உனக்கும் எழுதவில்லை.

படத்தில் இருந்தபடியே செய்தான் என்று உனக்கு எழுதினேன். அதில் பொய் இல்லை, உண்மையும் முழுசாக இல்லை. சுவருக்குள் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்தும் மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டு வருகிறவனை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன். உனக்கு நான் செய்தது அதுதான். ஒரு பிள்ளை போய்விட்டது, இன்னொன்றின் மனசையும் உடைப்பானேன் என்று நினைத்தேன். நேற்று அந்தப் பெண் ஜன்னலைக் காட்டியபோது அந்த நினைப்பு போய்விட்டது.

இந்தப் பாவத்தைப் பங்கு போட்டால் பெரிய பங்கு என்னுடையது. கண்ணால் பார்த்துச் சிரித்தவன் நான். நீ தூரத்தில் இருந்தாய். ஆனால் அந்தப் பத்தாயிரம் கிளம்பக் கூடாது.

அப்பா

தங்கச்சி, அந்த ஏழு மாத்திரை விஷயத்தை இதற்கு முன் மூன்று தடவை சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்று தடவையும் கிழிக்கச் சொன்னார். இன்றைக்குத் தானே தபால் பெட்டியில் போட வேண்டும் என்று, நான் எழுதி முடிக்கும்வரை மழையில் நனைந்தபடி வாசலில் நிற்கிறார்.

அக்டோபர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

மழையில் நனைந்ததாகத் தையற்காரம்மா எழுதியிருந்தார். சளி பிடிக்கவில்லையே?

உங்கள் கடிதம் வந்த அன்றே அதிகாரியிடம் போனேன். பத்தாயிரமும் கட்டுக் கட்டாக வாசலில் இருந்தது. நிறுத்திவிட்டார்கள். நானூற்றில் முந்நூற்று எண்பத்தாறு தாள் கிளினிக்குகளிலிருந்து திரும்பிவிட்டது. மீதிப் பதினான்கு வீடுகளுக்கு நானே போனேன். அதுதான் பதில் போடத் தாமதம். பதினான்கு பேரும் நன்றாக இருக்கிறார்கள். ஒரு வீட்டில் ஒரு பையன் ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். நான் எதற்கு அழுகிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை.

உங்கள் மார்ச் மாதக் கடிதம் இத்தனை நாளும் என் மேசைக்கு மேல் சுவரில்தான் ஒட்டியிருந்தது. "இன்னிக்கு லீவு போல" என்ற வரிக்குப் பக்கத்தில் நான் ஒரு சிரிக்கிற முகம் வரைந்திருக்கிறேன். நான் தூரத்தில் இல்லை அப்பா. அட்டையை எண்ணாதீர்கள் என்று உங்களிடம் சொன்னவளும் நான். பங்கைப் பற்றி இப்போது என்னால் இதற்கு மேல் எழுத முடியாது.

அந்தத் தாளை டாக்டரிடம் காட்டினேன், அதிகாரியிடம் காட்டினேன், அச்சகத்தில் காட்டினேன். மாத்திரை போடப் போகிற ஒருவரிடமும், "இதைப் பாத்தா உனக்கு என்ன தோணுது?" என்று கேட்கவில்லை. இத்துடன் காலைக்கு மூன்று படம் வைத்திருக்கிறேன். சேவல், கடிகாரம், பல் விளக்கும் பிரஷ். உங்கள் பக்கத்தில் தம்பி மாதிரிப் பிள்ளைகள் காகித உறை ஒட்டுகிற கூடம் ஒன்று இருக்கிறதே, அங்கே போய்க் கேட்பீர்களா? நான் கேட்டால் பரீட்சை என்று பயந்து தலையாட்டுகிறார்கள். உங்களுக்கும் படிக்க வராது என்று தெரிந்தால் உள்ளதைச் சொல்வார்கள். எது சரி என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்

நவம்பர் 6

அன்பு மகளுக்கு,

சளி பிடித்தது, போய்விட்டது. காதைக் காட்டினேன். வலது காது போனது போனதுதான் என்றும், இடது காதுக்கு மிஷின் வைக்கலாம் என்றும் சொன்னார்கள். வரும்போது வரட்டும்.

மூன்று புதன்கிழமை உறை ஒட்டுகிற கூடத்துக்குப் போனேன். பதினோரு பேர். ரெட்டைப் பின்னலும் அங்கேதான் வேலை செய்கிறாள். முதல் நாள் என்னைப் பார்த்ததும், "கத்துற தாத்தா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்குப் படிக்கத் தெரியாது, இது என்னன்னு சொல்லுங்க" என்றேன். எல்லோருக்கும் குஷி.

சேவலைக் காட்டினால், "எங்க வீட்ல கோழி இல்ல" என்று சிரித்தார்கள். ஒருத்தன் கறிக்கடை என்றான். கடிகாரத்துக்கு, "எங்க வீட்ல அது ஓடாது" என்றாள் ரெட்டைப் பின்னல். பிரஷ்ஷைக் காட்டினேன். ஒருவரும் வாயைத் திறந்து பேசவில்லை. பதினோரு பேரும் விரலைப் பல்லில் வைத்துத் தேய்த்துக் காட்டினார்கள். ஒருத்தன் மட்டும் பிறகு தனியாக வந்து, "தாத்தா, மாத்திரை நுரையோடயா, கொப்புளிச்சப்புறமா?" என்று கேட்டான். எவ்வளவு பெரிய கேள்வி பார். அதனால் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் ஒரு குழாயும் ஒரு டம்ளரும் போடு. குழாயைச் சரியாகப் போடு, நீ போடுகிற குழாய்க்கெல்லாம் திருகே இருப்பதில்லை.

நேற்று காலை மழை. ரெட்டைப் பின்னலைக் கேட்டேன், "மாத்திரை போட்டியாம்மா?" என்று. "பல்லு விளக்கிட்டேனே தாத்தா" என்றாள். இதுகூடத் தெரியாத மனுஷனா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

ஏழு மாத்திரையையும் கிளினிக்கில் கொடுத்துவிட்டேன். உன் முதல் தாளைக் கொடுக்கவில்லை. அதை அவன் அடித்த ஆணியிலேயே திரும்ப மாட்டிவிட்டேன். அதைக் கேட்காதே.

இன்றைக்கு மழை விட்டிருந்தது. கிழக்கு ஜன்னலைத் திறந்தேன். மரம் உப்பிப்போய்த் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. மணி ஏழரை இருக்கும், தொட்டிக்கு மேல் முழுசாக வந்து நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம், யாராவது சொல்ல வேண்டுமே என்று, "வந்துட்டாரு" என்று நானே கத்திப் பார்த்தேன்.

தையற்காரம்மா என்னவோ ஏதோ என்று மாடிக்கு ஓடி வந்தாள். தெரு முழுக்கக் கேட்டதாம். என் காதுக்கு எட்டவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அப்பா